சிவப்பு வரியும் தனசேகரின் கையும்

தனசேகர் வாய் திறப்பதற்குள் கை பேசிவிடும். நேரில் அவனை நான் 'சார்' என்றுதான் கூப்பிட்டேன். இங்கே 'அவன்'தான். மரியாதை கொடுக்க மனசு வரவில்லை.

முடிச்சூரில் பிறந்தவன். சின்ன வயதில் அப்பா பெல்ட்டால் விளாசியதை விருதுபோலச் சொல்லிக்கொள்வான். திருமுடிவாக்கத்துப் பட்டறைகளில் இரும்புத் தகடு ஏற்றி இறக்கி, படிப்படியாக மேலே வந்து, படப்பைக்கு வெளியே ஒரு மிக்ஸி குடோனில் சூப்பர்வைசர் ஆனான். லாரி டிரைவர்களை அறைந்தே வரிசையில் நிற்க வைப்பான். முதலாளிக்கு அது பிடித்திருந்தது. பக்தி வேறு பொங்கி வழியும். ஒருத்தனை அடித்த கையோடு அதே கையால் திருநீறு நீட்டுவான். வாங்கிப் பூசிக்கொள்ளாவிட்டால் அதற்கும் அடி.

என் பெயர் ஜெயப்ரியா. நாவலூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தேன். குடோன்களில் எங்கள் சாஃப்ட்வேர் மக்கர் பண்ணினால் போய்ப் பார்ப்பது என் வேலை. வீடு சேலையூரில் என்பதால் படப்பை குடோன் என் தலையில் விழுந்தது.

அங்கே வேலை இப்படித்தான் நடக்கும். கடையிலிருந்து ஆர்டர் வந்ததும், எந்த ரேக்கில் எத்தனை பெட்டி எடுப்பது என்று கம்ப்யூட்டர் ஒதுக்கிக் கொடுக்கும். ஆள் போய் ஸ்கேனரைக் காட்டிப் பெட்டியை எடுத்து வருவார். ஸ்கேனருக்கு அவர்கள் வைத்த பெயர் 'கன்'. ஒதுக்க முடியவில்லை என்றால் திரையில் சிவப்பு வரி வரும். சிவப்பு வரி இருந்தால் சீட்டு அச்சாகாது. சீட்டு இல்லாமல் லாரி கேட்டைத் தாண்டாது.

இரண்டாயிரத்து எட்டு. தீபாவளிக்கு முந்தைய வாரம். நான் போய் இறங்கியபோது திரை முழுக்கச் சிவப்பு. ஒரகடம் ரோடு நெடுக லாரிகள் நிற்க, டிரைவர்கள் அம்மா அக்காவையெல்லாம் இழுத்துத் திட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் கல்லை விட்டெறிந்தான். ஆபீஸ் கண்ணாடி நொறுங்கி என் கீபோர்டில் கொட்டியது.

தனசேகர் வெளியே பாய்ந்தான். கல்லெறிந்தவனை லாரியிலிருந்து காலைப் பிடித்து இழுத்துத் தரையில் போட்டு மிதித்தான். "இன்னாடா, கண்ணாடிய ஒடைக்கிறியா? உன் மூஞ்சிய ஒடைக்கறேன் பாரு!" டிரைவரின் மூக்கிலிருந்து ரத்தம் சட்டையெல்லாம் ஒழுகியது. திரும்பி வந்தவன் அந்தக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு கேட்டான்: "மேடம், எப்ப சரியாவும்?"

பார்த்துச் சொன்னேன். முதல் வரிசையின் கீழ்த்தட்டு முழுக்க மிக்ஸி இருப்பதாகக் கணக்கு. ஆனால் அந்தத் தட்டு பூட்டப்பட்டிருந்தது. எடுக்கப் போன ஆள் 'இங்கே காலி' என்று கன்னில் அழுத்தினால், யாராவது சரிபார்க்கும்வரை சாஃப்ட்வேர் அந்த இடத்தைப் பூட்டிவிடும். பூட்டிய இடத்திலிருந்து எந்த ஆர்டருக்கும் ஒதுக்காது.

"அழுத்துனது யாரு?" என்றான் தனசேகர்.

திரையிலேயே பெயர் இருந்தது. மாரி.

"சார், காலின்னு தகவல் சொன்னவர் அவர். அதுக்கு மேல அந்தப் பேருக்கு அர்த்தம் இல்ல" என்றேன். யார் காதில் போட்டுக்கொண்டது? தட்டு நிஜமாகவே காலி. பெட்டிகளைக் காணோம். திரையில் மாரி பெயர். அவனுக்கு அது போதும்.

மாரி அண்ணா கோவளத்து மீனவர். சுனாமியில் படகு போனபின் குடோனுக்கு வந்தவர். அதிர்ந்து பேசமாட்டார். தனசேகர் அவரைச் சட்டையோடு பிடித்துத் தூக்கி ரேக்கில் மோதினான். "எங்கடா வித்த?" அறை. "எவன்கிட்ட வித்த?" இன்னொரு அறை.

"நான் எடுக்கலண்ணா. கொயந்த மேல சத்தியம்."

பெட்டி அடுக்கும் மரப் பேலட்டிலிருந்து ஒரு பலகையைப் பிய்த்தான். மாரி அண்ணா முகத்தை மறைக்கக் கையைத் தூக்கினார். பலகை மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. இன்றைக்கும் கேட்கிறது. ஓடிப்போய்ப் பலகையைப் பிடித்தேன். அவன் முழங்கை என் வாயில் இடித்து உதடு கிழிந்தது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் பிரிட்டோ பின்னாலிருந்து கட்டிப்பிடித்திராவிட்டால் அடுத்த அடி தலையில்தான் விழுந்திருக்கும்.

மாரி அண்ணாவை, ஃபோர்க்லிஃப்டுக்கு சார்ஜ் ஏற்றும் பேட்டரி ரூமில் போட்டுப் பூட்டினான். போலீசுக்குப் போன் போட்டான். ஜீப் வந்து அவரை ஏற்றிவிட்டால் முடிந்தது கதை. ஸ்டேஷனில் மிச்சமிருக்கும் எலும்பையும் எண்ணிவிடுவார்கள்.

அழுகையும் ஆத்திரமுமாகத் திரையின் முன் உட்கார்ந்தேன். அந்தப் பெட்டிகள் குடோனுக்குள் வந்த பதிவு இருந்தது. நகர்ந்த பதிவே இல்லை. "திருடன் ஸ்கேன் பண்ணிட்டா திருடுவான்?" என்று தனசேகர் கத்தினான். நியாயமான கேள்விதான். ஸ்கேன் பண்ணாமல் இந்தக் குடோனில் பெட்டி எப்போது நகரும்? பதிவுகளைப் பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே போனேன். தினமும் காலையிலிருந்து சாயங்காலம்வரை பதிவுகள் குவிந்து கிடந்தன. ஒரே ஒரு நாள் மட்டும் வெறுமை. ஆயுத பூஜை.

எழுந்து அந்தத் தட்டுக்குப் போனேன். மூலையில் பொரி சிந்திக் கிடந்தது. இரும்பில் கற்பூரக் கரி.

"சார், பூஜை எங்க நடந்தது?"

"இங்கதான். இந்தத் தட்டுலதான் சாமி படம் வெச்சோம்."

"அன்னிக்கு கன் எல்லாம்?"

"சாமிகிட்ட. பொட்டு வெச்சு அடுக்கிட்டா மறுநா பூஜ முடியற வரைக்கும் தொடலாமா? என்ன பேசற நீ?"

"அப்ப இங்க இருந்த மிக்ஸிய எதால ஸ்கேன் பண்ணி நகத்துனீங்க?"

அவன் வாய் திறந்தபடி நின்றது. முதன்முறையாக அந்தக் கை எதுவும் செய்யவில்லை.

"கூலிக்கு வந்த ஆளுங்களோட நானே பின்பக்கம் தள்ளி வெச்சேன்... எல்லாத்தையும் திருப்பி வெச்சாச்சுன்னு நெனச்சேன்..."

பின்சுவரை ஒட்டி, பூஜைக்குப் பிறகு வந்த சரக்குக் குவிந்திருந்தது. பிரிட்டோ ஒவ்வொரு பேலட்டாக இழுத்துத் தள்ளினான். கடைசியில் தெரிந்தன மிக்ஸி பெட்டிகள். ஒன்றுவிடாமல் எல்லாவற்றிலும் சந்தனப் பொட்டு, மேலே குங்குமம். வைத்தவன் தனசேகர். அன்று மாரி அண்ணா வேலைக்கே வரவில்லை, லீவு.

பேட்டரி ரூமைப் பிரிட்டோ திறந்தான். அவர் வீங்கிய கையை நெஞ்சோடு பிடித்தபடி வெளியே வந்தார். பிரிட்டோ சொல்லியனுப்பி வந்த அவர் மனைவி தனம் கேட்டில் நின்றிருந்தாள். படப்பையிலேயே மீன் விற்பவள். கையைப் பார்த்தாள், உறைந்திருந்த ரத்தத்தைப் பார்த்தாள். "தெரியாம நடந்துச்சு தனம்" என்று தனசேகர் முன்னே வந்தான். செருப்பைக் கழற்றி அவன் கன்னத்தில் மாற்றி மாற்றி அடித்தாள். அவன் வாங்கிக்கொண்டான்.

"எல்லா ஆயுதத்தையும் சாமிகிட்ட வெச்சியே," என்றாள், மூச்சு வாங்க. "உன் கைய இன்னாத்துக்கு வெளிய வெச்சிக்கினு இருந்த?"

ஒருவழியாக ஜீப் வந்தது. "எவன்யா திருடன்?" என்றபடி எஸ்.ஐ. இறங்கினார்.

"திருடன் யாருமில்ல சார். அடிச்சவர் இருக்கார்" என்றேன். பேசும்போது உதட்டிலிருந்து ரத்தம் என் துப்பட்டாவில் சொட்டியது. "நான்தான் புகார் தரேன்."

தனசேகர் தானே போய் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தான்.

சரக்கை எண்ணிப் பூட்டை விடுவித்தேன். சிவப்பு வரிகள் ஒவ்வொன்றாக மறைந்தன, டிரைவர்கள் விசிலடித்தார்கள். மாரி அண்ணாவின் மணிக்கட்டு மட்டும் கோணலாகத்தான் கூடியது. அந்தக் கையால் அவர் பிறகு பெட்டியும் தூக்கவில்லை, வலையும் இழுக்கவில்லை.