சொல்தா கட்டிக் கொடுத்த தகரம்

புதுச்சேரி உப்பளத்திலிருந்து அருளப்பனின் மகள் போன் செய்தபோது நானும் என் மகன் சேகரும் வலையிலிருந்து மத்தி பிரித்துக்கொண்டிருந்தோம். "அப்பா காப்பி குடிச்சிட்டு நாற்காலியிலயே போயிட்டாரு மாமா" என்றாள். நான் எழுந்து கையைக் கழுவினேன். சேகர் எழவில்லை. "நீ போயிட்டு வா. தகரத்தக் கட்டிவுட்டு என்னக் கொல்லப் பாத்த ஆளுக்கு நான் மாலை போட மாட்டேன்" என்றான். நான் மட்டும் போனேன்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. முப்பதாம் நாள் பூசைக்கு வருகிறவர்களுக்காக அவரைப் பற்றிச் சொல்லும்படி அந்தப் பெண் கேட்டிருக்கிறாள். நான் சொல்லச் சொல்ல, சேகரின் மனைவி தேவகி எழுதுகிறாள்.

அருளப்பன் பிரெஞ்சு ராணுவத்தில் ரேடார் வேலை பார்த்தவர். புதுச்சேரியில் அப்படிப் போய் வந்தவர்களைச் சொல்தா என்போம். ஓய்வு பெற்று வந்தபின் தினமும் காலையில் மீன் வாங்க ஸ்கூட்டரில் எங்கள் ஊர் பிள்ளைச்சாவடிக்கு வருவார். வந்தவர் வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். வலை பழுது பார்க்கும் எங்கள் கொட்டகையில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். அதுவரை அங்கே பேச்சு என்னுடையது. காற்று எப்போது திரும்பும், மீன் எங்கே படுக்கும் என்று என்னைத்தான் கேட்பார்கள். அவர் வந்த மாதத்திலேயே எல்லாரும் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள். என் மகனே அவருக்கு நாற்காலி தூக்கிப் போட்டான். எனக்கு அவன் ஒரு நாளும் போட்டதில்லை. வயிறு எரிந்தது. மறைப்பானேன்?

ஒரு நாள் டிவியில் ரேடாருக்கே தெரியாத போர் விமானம் ஒன்றைக் காட்டினார்கள். இதில் ஆளை மடக்கிவிடலாம் என்று கொட்டகைக்குப் போனேன்.

"ரேடாருக்குத் தெரியாத ப்ளேன் வந்துடுச்சாம். ஒன் வேலைக்கெல்லாம் இனி வேலையில்ல, சொல்தா."

"வாய்யா கப்பித்தேன்" என்றார். படகுத் தலைவனுக்குப் பிரெஞ்சில் அப்படிப் பேராம். என்னைக் கிண்டல் செய்ய அதைத்தான் சொல்வார். "தெரியாதுன்னு எவன் சொன்னான்? லேட்டா தெரியும். அவ்ளோதான்."

ரேடார் அலையை அனுப்புகிறது என்று விளக்க ஆரம்பித்தார். அலை எதிலாவது பட்டுத் திரும்பி வந்தால்தான் அங்கே ஒன்று இருப்பது தெரியும். அந்த விமானத்தின் பக்கங்களைச் சாய்த்துக் கட்டுகிறார்கள். பட்ட அலை வேறு பக்கம் தெறித்துப் போகிறது. எதிரே நிற்பவனுக்கு ஒளியலாம், பக்கவாட்டிலும் பின்னாலும் நிற்பவனுக்கு அந்த அளவு ஒளிய முடியாது. நீண்ட அலை அனுப்பும் பழைய ரேடாருக்கு ஏதோ வருகிறது என்பதாவது தெரிந்துவிடும், இடம்தான் சரியாகத் தெரியாது. இறக்கையில் குண்டைத் தொங்கவிட்டால் வேஷம் கலைந்துவிடும் என்பதால் வயிற்றுக்குள் வைக்கிறார்கள். அங்கே இடம் கொஞ்சம். போடுவதற்குக் கதவைத் திறந்தால் அந்த நேரம் பளிச்சென்று தெரியும். அலையை உறிஞ்சும் மேல்பூச்சு பெயராமல் பார்த்துக்கொள்ளவே ஆட்கள் நாள் கணக்கில் உட்கார வேண்டும். இஞ்சின் சூட்டையும் முழுக்க மறைக்க முடியாது. இதையெல்லாம் அவர் ஒரு முறைதான் சொன்னார். நான் ஒன்றையும் மறக்கவில்லை. பொறாமைக்காரனுக்கு ஞாபகம் அதிகம்.

கடைசியில் எல்லாரையும் பார்த்துச் சிரித்தார். "அவனுங்க படாதபாடு பட்டு ஒளியறானுங்க. நீங்க சும்மாவே ஒளிஞ்சி கெடக்கறீங்க. ஒங்க பைபர் படகு கப்பல்காரன் ரேடார்ல சரியா தெரியாது. ஏத்திட்டுப் போயிடுவான்."

மறுவாரம் மூன்று தகரத் தகடுகளைக் கொண்டுவந்தார். ஒன்றுக்குள் ஒன்றை நேர்க்குத்தாகச் செருகி, எந்தப் பக்கம் திரும்பினாலும் மூலை மூலையாக இருக்கும்படி செய்தார். மூலையில் பட்ட அலை வந்த வழியே கப்பலுக்குத் திரும்புமாம், படகு அங்கே தெரியுமாம். சேகர் அதை எங்கள் படகில் கம்பு நட்டு உச்சியில் கட்டினான். ஊரே கூடி நின்று பார்த்தது. "பெத்தவனுக்குத் தோணல பாரு" என்று ஒருத்தன் சொன்னான்.

அந்தச் சொல்தான் என்னைத் தின்றது. மறுநாள் மத்தியானம் யாருமில்லாத நேரத்தில் அதை இறக்கி, சுத்தியால் தட்டி மூன்றையும் ஒரே தட்டையாக்கிக் கம்போடு சேர்த்துக் கட்டினேன். சேகர் கேட்டதற்கு, "காத்துக்கு ஆடுது, அதான் சொல்தாவையே கேட்டு மடக்கிக் கட்டினேன்" என்று பொய் சொன்னேன். தகரம் தகரம்தானே என்று எனக்கு நினைப்பு. தட்டையாக்கினால் அதுவும் அந்த விமானத்தின் பக்கத்தைப்போல அலையை வேறெங்கோ தெறிக்கவிடும் என்பது உறைக்கவில்லை. ஒளிந்துபோகும்படி என் மகனின் படகை நானே செய்து அனுப்பினேன்.

இந்த இடத்தில் தேவகி பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். "எழுதும்மா" என்றேன்.

நாலாம் நாள் விடியும் நேரம், மழைத்தூறலில், கடலில் இருந்த சேகரின் படகு மேலேயே ஒரு கப்பல் வந்தது. சேகர் படகைத் திருப்பியும் கப்பல் கிளப்பிய அலையில் கவிழ்ந்தது. அவனும் கூட்டாளியும் கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். வேறு படகுக்காரர்கள் இழுத்து வந்தார்கள்.

அருளப்பன் வழக்கம்போல மீன் வாங்க வந்தார். சேகர் அவர் சட்டையைப் பிடித்தான். "ஒன் தகரத்த நம்பித்தான்யா போனேன்! நீ சொல்லித்தான மடக்கிக் கட்டுனது?" அவர் படகருகே போய்க் கம்பில் இருந்த தகடுகளைத் தடவினார். சுத்தி பட்ட தடத்தில் விரலை வைத்தபடி என்னைப் பார்த்தார். நான் மணலைப் பார்த்தேன்.

"தப்பு என்னுது தம்பி" என்றார். "மன்னிச்சுக்கோ."

அதன்பின் அவரிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நாற்காலி போடவில்லை. "ஏமாத்துக்கார சொல்தா" என்று முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். கேட்டு எனக்கு உள்ளே இனித்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அப்படியும் அவர் மீன் வாங்க வந்தார். "என்ன கப்பித்தேன், காத்து எப்படி?" என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் போவார். ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று நான் கேட்டதில்லை. அந்தப் பெருந்தன்மை மேலும் எனக்குப் பொறாமைதான். அடித்துவிட்டுப் போயிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

அவரை அறிந்தவர்களே, அவர் கட்டியது சரி. அவர் சொன்னதும் சரி. பொறாமை இன்னும் போகவில்லை. போன மனிதன் மேலேயும் அது நிற்கிறது. அவரிடமிருந்து எடுத்து வைத்துக்கொள்ள எனக்கு இருப்பது ஒரு பேச்சுதான்: "தப்பு என்னுது." அதை அவர் எனக்காகச் சொன்னார்.

"மாமா, இத அவரு படிச்சிடுவாரே" என்கிறாள் தேவகி, தன் புருஷனை நினைத்து. சேகர் இதைப் படித்துத் தெரிய வேண்டாம், என் வாயால் கேட்கட்டும். அவன் படகு வரும் நேரமாகிறது. நான் கரைக்குப் போகிறேன்.