அறுபத்து மூன்று பைட் பெயர்

கூட்டத்தில் வாய் திறக்காதவள் எழுத மட்டும் முந்திக்கொண்டாளே என்று நினைக்காதீர்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். ஜெயமங்கலத்திலிருந்து தேனிக்குப் பேருந்தில் வரும்போதுதான் நம் அலுவலகக் குழுவில் அந்தச் செய்தியைப் பார்த்தேன். முத்துப்பேச்சியம்மாள் அக்கா காய்ச்சலில் போய்விட்டார். 'முத்துப்பேச்சி' என்று சுருக்கிப் போட்டிருந்தீர்கள். அக்கா இருந்திருந்தால் திருத்தச் சொல்லியிருப்பார்.

தோட்டங்களுக்குப் பழம் ஏற்ற லாரி அனுப்பும் நம் திராட்சைச் செயலியை எழுதுவது நான், சோதிப்பது அக்கா. சுருளிப்பட்டியில் அண்ணன் தம்பிகளுக்குக் குலசாமி பெயரையும் பேரன்களுக்குத் தாத்தா பெயரையும் வைப்பார்கள். அப்படி ஒரே தாத்தா பெயரில் இரண்டு சுருளிவேல்கள், இருவரும் திராட்சைத் தோட்டக்காரர்கள். ஒருவர் கருப்பையா மகன், மற்றவர் கருப்பணசாமி மகன். பெயருக்கு ஐம்பது பைட் இடம் மட்டுமே ஒதுக்கியிருந்த பழைய செயலியில் இருவருமே 'சுருளிவேல் கருப்ப' என்று நின்றார்கள். வெட்டுப்பட்ட எழுத்து இருந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி. பழம் ஏற்றப் போன லாரி தோட்டம் மாறிப்போனது. கருப்பையா மகனின் பழமெல்லாம் கொடியிலேயே மழையில் வெடித்தது.

அவர் நேரில் வந்தார். திட்டவில்லை.

"எங்கப்பன் பேரைப் பாதியிலயே வெட்டிப்புட்டீகளே ஆத்தா."

அக்கா அவரை உட்காரவைத்து, இனி வெட்டுப்படாது என்று வாக்குக் கொடுத்தார்.

பெயர்களை ஆங்கிலத்தில் பதிந்தால் எழுத்துக்கு ஒரு பைட்தான், இருக்கிற இடமே போதும் என்றார் நம் மேலாளர். "உங்க கல்யாணப் பத்திரிகையை இங்கிலீஷ்லயா அடிச்சீக, அண்ணே?" என்று அக்கா கேட்டதும் அவரே சிரித்துவிட்டார். இடத்தை அகலமாக்கினோம்.

பிறகு அக்கா தன் பெயரையே அளவுகோலாகச் செயலிக்குள் ஒரு சோதனைப் பதிவாகப் போட்டார்.

"கண்ணுக்குப் பதினோரு எழுத்து. புள்ளி, சுழி, கொம்பையெல்லாம் கம்ப்யூட்டரு தனியா எண்ணும், அப்ப இருபத்தொண்ணு. ஒவ்வொண்ணுக்கும் மூணு பைட். இதுல எதை வெட்டுவ, சொல்லு பாப்போம்?"

அதன் பின் செயலியின் ஒவ்வொரு புதிய வெளியீட்டுக்கும் முன்னால் அந்தப் பெயரைத்தான் முதலில் பார்ப்பார். கடைசிப் புள்ளி வரை வந்திருந்தால்தான் "ம், விடு" என்பார்.

எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். தெரியாததைக் கேட்டால் சிரிப்பார்களோ என்று பயந்தே பழகியவள். "எத்தனை பைட்?" என்று சத்தமாகக் கேட்கும் அக்காவின் பழக்கத்தை இனி நான் வைத்துக்கொள்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். புதிய சர்வருக்கு மாறும்போது சோதனைப் பதிவுகளை எல்லாம் அழிக்கப் போகிறோம். முத்துப்பேச்சியம்மாள் என்ற பதிவை மட்டும் விட்டுவிடுங்கள். அது முழுதாக வராத நாளில் வெளியீட்டை நிறுத்துங்கள். நிறுத்தச் சொல்லிக் கையை நான் தூக்குகிறேன்.