பாஸ்தாவும் பல்லி சத்தியமும்

2006-ஆம் வருடம் நடந்தது இது. அப்போது நாங்கள் சின்ன காஞ்சிபுரத்தில் தறிச் சத்தம் ஓயாத ஒரு தெருவில் குடியிருந்தோம். நான் பெண்கள் பள்ளியில் கெமிஸ்ட்ரி டீச்சர். என் வீட்டுக்காரர் பட்டுப்புடவைக்கு டிசைன் போடுபவர். கிராஃப் தாளில் கட்டம் கட்டமாகக் கலர் அடித்து, லென்ஸ் வைத்து ஒவ்வொரு கட்டமாகச் சரிபார்த்துத் தறிக்கு அனுப்புவார். ஒரே மகள், நான்காம் வகுப்பு.

அவளுக்கு எப்போதும் வயிற்று வலி, பேதி. சாப்பிட்டது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை. சென்னையில் ஒரு டாக்டர் டெஸ்ட் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, கோதுமையில் இருக்கும் குளூட்டன் அவள் குடலுக்கு ஆகாது, இனி கோதுமை, மைதா, ரவை எதையும் கண்ணில் காட்டக் கூடாது என்றார். கேட்டவர்கள் எல்லாம், நமக்குத்தான் சோறு இருக்கிறதே, என்ன கவலை என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். சப்பாத்திக் கட்டையைப் பரணில் போட்டேன், பிஸ்கட் டப்பாவைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். ஆறு மாதம் கழித்துப் போனால் எடை ஏறவே இல்லை.

"எங்கிருந்தோ கோதுமை உள்ள போய்க்கிட்டே இருக்கும்மா. எங்கேன்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும். இப்படியே விட்டா பொண்ணு வளர்றது நின்னுடும்" என்றார் டாக்டர்.

கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? திரும்பி வரும் பஸ்ஸிலேயே குற்றவாளியை முடிவு செய்துவிட்டேன். பக்கத்து சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். தினமும் சாயங்காலம் மகளை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு ஒரு ரவுண்டு போகிறவர் அவர்தான். போகிற வழியில் ஒரு பேக்கரி. அதன் வெண்ணெய் வாசனைக்கு அவர் எவ்வளவு மயங்குவார் என்று எனக்குத் தெரியும். அன்றிலிருந்து அவர்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் மகள் வாயை முகர்ந்து பார்ப்பேன். ஸ்கூல் பையைத் தலைகீழாகக் கொட்டிப் பார்ப்பேன். ஒரு துணுக்குகூடச் சிக்கவில்லை. கை தேர்ந்த ஆட்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் மகள் பாஸ்தா கேட்டாள். பக்கத்தில் உட்காரும் பெண் டிபனுக்குக் கொண்டுவருகிறாளாம். எல்லோரும் ஆளுக்கு ஒன்று எடுத்துச் சாப்பிட, இவள் மட்டும் பார்த்துக்கொண்டிருப்பாளாம். எனக்கு மனசு என்னவோ செய்தது. கூடவே ஒரு கணக்கும் போட்டேன். நல்ல பாஸ்தாவை வீட்டிலேயே செய்துவிட்டால் அப்பாவும் மகளும் வெளியே மேயப் போக மாட்டார்கள். அவளுக்குத் தனிப் பாத்திரம், எங்களுக்குத் தனிப் பாத்திரம் என்றும் வேண்டாம், மூன்று பேரும் ஒன்றையே சாப்பிடலாம்.

கோதுமை இல்லாத பாஸ்தாவுக்காக ராஜ வீதி, காந்தி ரோடு என்று ஒரு கடை விடவில்லை. ஒரு கடைக்காரர் நான் சொன்னதை ரொம்பப் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு சேமியா பாக்கெட்டை எடுத்து வைத்தார். "இதுல குளூட்டன் கிளூட்டன்லாம் கலக்கறதே இல்லைமா, சுத்தமான கோதுமை" என்றார். கடைசியில் சென்னையில், வெளிநாட்டுக்காரர்கள் சாமான் வாங்கும் ஒரு கடையில், அரிசியிலும் மக்காச்சோளத்திலும் செய்த இத்தாலி பாஸ்தா கிடைத்தது. இருந்ததே இரண்டு பாக்கெட். அங்கேயே நின்று லேபிளை இரண்டு முறை படித்தேன். கெமிஸ்ட்ரி டீச்சர் என்றால் சும்மாவா?

முதல் பாக்கெட்டைச் சோறு வடிப்பது போல நினைத்து, அடுப்பில் வைத்து மூடிவிட்டு மாடிக்குத் துணி உலர்த்தப் போனேன். திரும்பி வந்தபோது பானையில் இத்தாலியும் இல்லை, பாஸ்தாவும் இல்லை, கூழ்தான் இருந்தது. எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுத் தறிக்கார அக்கா, "கொட்டிடாதீங்க டீச்சர், குடுங்க, தறியில பாவு நூலுக்குக் கஞ்சி போட்டுக்கறேன்" என்றார். கிண்டலா நிஜமா என்று இன்றுவரை தெரியாது.

இரண்டாவது பாக்கெட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்தேன். பெரிய பாத்திரம், நிறையத் தண்ணீர், உப்பு. வீட்டுக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்து நிமிஷம் சொல்ல, மகள் நிமிஷத்துக்கு ஒன்றாக எடுத்துக் கடித்துப் பார்த்தாள். ஒன்பதாவது நிமிஷத்தில் தலையை ஆட்டினாள். உடனே வடித்துப் பச்சைத் தண்ணீர் ஊற்றினேன். தக்காளி சாஸ் எல்லாம் எனக்கு வராது. நம் ஊர் கோயில் இட்லிக்குப் போடுவது போல நெய்யில் மிளகு, சீரகம், சுக்கு, கறிவேப்பிலை என்று தாளித்துக் கொட்டிப் புரட்டினேன். மகள் எங்கள் இரண்டு பேர் தட்டையும் எட்டிப் பார்த்து, மூன்றிலும் ஒன்றேதான் என்று உறுதி செய்துகொண்டு உட்கார்ந்தாள். மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாள். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை.

சாயங்காலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்துவிட்டாள். வழக்கமான கைவைத்தியமாக மோர் கலக்கிக் கொடுத்தேன். இன்னும் மோசமானது. பாஸ்தா பாக்கெட்டை மறுபடி படித்தேன், அதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் மத்தியானம் கிராஃப் தாள் வாங்குகிறேன் என்று இவர் மகளையும் கூட்டிக்கொண்டு வெளியே போனாரே. போதாதா எனக்கு?

மறுநாள் ஸ்கூல் விட்டதும் அவரை நேராக வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே மேற்கூரையில் இருக்கும் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டால் தோஷம் போகும் என்பார்கள். பேக்கரிப் பக்கமே போகவில்லை என்று அந்தப் பல்லியைத் தொட்டுச் சத்தியம் செய்யச் சொன்னேன். அவர் படியில் ஏறி நின்றுகொண்டு யோசித்தார்.

"பொய் சத்தியம் பண்ணாலும், இதையே தொட்டா அந்த தோஷமும் போயிடுமே. உனக்கு இன்னா பிரயோஜனம்?"

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. கடைசியில் சத்தியம் செய்தார். ஆனால் இறங்கும்போது அவர் முகம் சரியாக இல்லை. அத்தனை பேர் முன்னால் அப்படிச் செய்திருக்கக் கூடாதுதான்.

அவர் இல்லையென்றால் இவள்தானே. வீட்டுக்கு வந்து மகளைப் பிடித்துக்கொண்டேன். திரும்பத் திரும்பக் கேட்டதில், ஆமாம், பன் சாப்பிட்டேன் என்று ஒப்புக்கொண்டாள். ஸ்கூலில் கூடப் படிக்கிற பெண் கொடுத்தாளாம். நான் ஜெயித்துவிட்ட மாதிரி வீட்டுக்காரரைப் பார்த்தேன்.

அவர் நிதானமாக, "வயிறு வலிச்சது ஞாயித்துக்கிழமை. எந்த ஸ்கூல்ல குடுத்தாங்க?" என்றார்.

டிசைனில் தப்பு வந்தால் தறிக்காரரைத் திட்ட மாட்டேன், முதல் கட்டத்திலிருந்து எண்ணிக்கொண்டு வருவேன் என்று சொல்லி, அன்றைக்கு நான் போட்டதையெல்லாம் எழுதித் தரச் சொன்னார். தண்ணீரையும் சேர்த்து எட்டுப் பொருள் எழுதிக் கொடுத்தேன். லேபிள் உள்ள ஒவ்வொன்றையும் லென்ஸ் வைத்துப் படித்தார். எதிலும் ஒன்றும் இல்லை. அப்புறம், பாஸ்தா இல்லாமல் தாளிப்பை மட்டும் அன்றைக்குச் செய்த மாதிரியே செய்து காட்டு என்றார். அவரைத் திட்டிக்கொண்டே அடுப்பைப் பற்றவைத்தேன். அவர் பட்டியலும் கையுமாகப் பக்கத்தில் நின்றார்.

"இப்ப இன்னா போட்ட?"

"ஒண்ணும் போடலியே."

"போட்ட. நீ பேசிக்கினே இருந்த, உன் கை பாட்டுக்குப் போட்டுது. இது லிஸ்ட்ல இல்ல."

என் கையைப் பார்த்தேன். பெருங்காய டப்பா. பேனாவை மூடுகிற மாதிரி, யோசிக்காமலே மூடியை மூடிக்கொண்டிருந்தேன். அவர் வாங்கி லென்ஸை வைத்தார். படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். கட்டிப் பெருங்காயம் இல்லை அது, தூள். அதில் கலந்திருந்த பொருட்களில் முதலாவதே கோதுமை மாவு.

சாம்பார், ரசம், கூட்டு என்று ஆறு மாதத்துக்கும் மேலாக அதைப் போட்டுக்கொண்டு வந்தது நான். அது போதாதென்று, அவளுக்கு வயிறு வலிக்கும் போதெல்லாம் நல்லதாயிற்றே என்று மோரில் தாராளமாகக் கலக்கிக் கொடுத்ததும் அதே பெருங்காயம். உலகத்து லேபிளையெல்லாம் படித்த கெமிஸ்ட்ரி டீச்சர், கல்யாணமான நாளிலிருந்து கையிலேயே இருந்த டப்பாவைத் திருப்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்காரர் சமையல்கட்டிலேயே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். வேறு என்ன செய்ய?

அப்போதுதான் தோன்றியது. மகளைக் கூப்பிட்டு, அப்படியென்றால் பன் சாப்பிட்டதாக ஏன் சொன்னாய் என்று கேட்டேன்.

"நீ கேட்டுக்கினே இருந்தம்மா. ஏதாவது ஒண்ணு சொன்னாதான் நீ விடுவேன்னு சொல்லிட்டேன்."

வீட்டுக்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன், அவரிடமும் கேட்டேன். பெருங்காயத் தூளை நிறுத்திய பிறகு மகள் மளமளவென்று வளர்ந்து, இப்போது என்னைவிட உயரம். ஆனால் பள்ளியில் ஒரு பெண்ணை நிறுத்திக் கேள்வி கேட்டு, அவளும் தலையைக் குனிந்து ஆமாம் மிஸ் என்று சொல்லும்போது, செய்ததனால் சொல்கிறாளா, நான் விட மாட்டேன் என்று பயந்து சொல்கிறாளா என்று யோசிக்காமல் என்னால் இன்றைக்கும் அடுத்த வார்த்தை பேச முடிவதில்லை.