வலது ஓரத்தில் தொடங்கிய கோடு

அந்தப் பிள்ளை சிலேட்டின் வலது ஓரத்தில்தான் எப்போதும் பலப்பத்தை வைப்பாள். அங்கிருந்து சின்னச் சின்ன நெளிவுகளாக இடது பக்கம் போவாள். வரி முடிந்ததும் மறுபடி வலது ஓரம். நடுநடுவே கோட்டுக்கு மேலும் கீழும் புள்ளிகள் வைப்பாள்.

தொண்ணூறுகளின் நடுவில், திண்டுக்கல் பேகம்பூர்ப் பக்கம் ஒரு பால்வாடியில் நான் டீச்சராகச் சேர்ந்த புதிது அது. வடமதுரையிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். அவளுக்கு நான்கு வயது நிறையவில்லை. அவளுடைய அத்தா தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தார். அம்மா காலையில் அவளை வாசலில் விட்டுவிட்டு, “சேட்டை பண்ணாம இரு” என்று சொல்லிப் போவார்.

பிள்ளைகள் கிறுக்குவதைப் பார்ப்பதில் எனக்கு அப்போதே ஒரு கிறுக்கு இருந்தது. இரண்டரை வயதுக்காரர்கள் தோளிலிருந்தே கையை வீசிக் கிறுக்குவார்கள். சில மாதங்களில் அந்த வீச்சு அடங்கி, கோடு வளைந்து, ஒருநாள் அதன் இரு நுனிகளும் ஒட்டிக்கொள்ளும். வட்டம் வந்துவிட்டது! அடுத்த வாரமே அந்த வட்டத்துக்கு இரண்டு கண்கள் முளைக்கும். வயிறே இல்லாமல் தலையிலிருந்து நேராகக் கால்கள் இறங்கும். “இது யாரு?” என்றால், “எங்க மாமா” என்று பதில் வரும். எந்தப் பிள்ளையும் இதை யாரும் சொல்லிக்கொடுத்து வரைந்ததில்லை. பிறகு எப்படி எல்லாப் பிள்ளைகளும் இதே வழியில் வருகிறார்கள்? ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் இதையேதான் யோசித்துக்கொண்டிருப்பேன்.

அவளுடைய நெளிவுகளை மட்டும் நான் அப்படி ரசிக்கவில்லை. பயந்தேன். மேற்பார்வைக்கு வந்த அதிகாரி அம்மா சிலேட்டைப் பார்த்துவிட்டு, “என்ன இது, எல்லாம் தலைகீழா இருக்கு? இப்பவே திருத்துங்க. இல்லாட்டி ஒண்ணாப்புல ரொம்பக் கஷ்டப்படும்” என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து அவள் கையின் மேல் என் கையை வைத்து, இடமிருந்து வலமாக இழுத்தேன். அந்தக் கை முதலில் முரண்டு பிடித்தது. பிறகு விட்டுக்கொடுத்தது. நான்காம் நாள் அவள் பலப்பத்தையே தொடவில்லை. சிலேட்டைக் குப்புறக் கவிழ்த்து வைத்துக்கொண்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தாள்.

ஒரு மாதம் அப்படியே போனது. வண்ணக் குச்சிகள் கொடுத்தேன். ஆயா தரையில் மாக்கல்லால் கோழி போட்டுக் காட்டினார். எதற்கும் அவள் மசியவில்லை. ஒருநாள் கூட்டிப்போக வந்த அவளுடைய அம்மா என்னிடம் கேட்டார்: “டீச்சர், வீட்டுச் செவுரு பூராம் கரியால கிறுக்குன பிள்ள, இப்ப எதையும் தொட மாட்டேங்குது. இங்க யாராச்சும் அடிச்சாங்களா?”

அடிக்கவில்லை என்று சொன்னேன். அது உண்மைதான். ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு நா கூசியது.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. அம்மா தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தார். உட்காரும்படி எனக்குக் கையைக் காட்டிவிட்டுத் தொடர்ந்தார். மகள் மடியில் சாய்ந்து, தானும் ஓதுவதுபோல உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் சுட்டுவிரல் பக்கத்தின் மேல் நகர்ந்தது. பிள்ளையின் கண் அந்த விரலோடு நகர்ந்தது. வலது ஓரத்திலிருந்து இடது ஓரத்துக்கு. மறுபடி வலது ஓரத்துக்கு. எழுத்துகளுக்கு மேலும் கீழும் புள்ளிகள்.

ஓதி முடித்ததும் கேட்டேன். “இது வலப்பக்கத்துல இருந்தா போகும்?”

“ஆமா டீச்சர், அரபு அப்பிடித்தான். உங்களுக்குத் தெரியாதா?” என்று சிரித்தார் அவர்.

தெரியாது. பேகம்பூருக்கு வேலைக்கு வந்து எட்டு மாதமாகியும் எனக்குத் தெரியாது. நான் செய்ததை அவரிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றது. மகளின் வலது கையை எடுத்துத் தன் உள்ளங்கைக்குள் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக நீவினார். பிறகு, “டீ போடுறேன், இருங்க” என்று எழுந்தார். அந்தக் கையை என்னிடம் தந்துவிட்டுத்தான் அடுப்படிக்குப் போனார்.

திங்கட்கிழமை அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஒரு சிலேட்டை என் மடியில் வைத்து, வலது ஓரத்திலிருந்து நெளிவு போட்டேன். எவ்வளவு சிரமமாக இருந்தது! கோடு எங்கெங்கோ ஓடியது. அவள் எட்டிப் பார்த்தாள். மறுநாளும் பார்த்தாள். மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல், “அப்பிடியில்ல டீச்சர்” என்று பலப்பத்தைப் பிடுங்கினாள்.

அதன்பின் அவள் வலமிருந்தும் எழுதினாள், இடமிருந்தும் எழுதினாள். எது எது என்று கேட்டேன். “இது அம்மாது. இது பஸ்ஸுல எழுதியிருக்கிறது” என்றாள். இரண்டு விதமான எழுத்து இருக்கிறது, இரண்டும் வேறு வேறு பக்கம் போகும் என்பதை ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாமலே அவள் கண்டுபிடித்து வைத்திருந்தாள். அதற்குப் பிறகு எத்தனையோ வருடம், எத்தனையோ பிள்ளைகள். யார் கையையும் நான் பிடித்து இழுத்ததில்லை. என்ன எழுதியிருக்கிறாய் என்று மட்டும் கேட்பேன்.

அவளிடம் அப்படி முதல்முறை கேட்டது நன்றாக நினைவிருக்கிறது. ஒரு தாள் நிறைய நெளிவுகள் போட்டு என்னிடம் நீட்டினாள். படித்துக் காட்டச் சொன்னேன். அம்மாவைப் போலவே சுட்டுவிரலை வலது ஓரத்தில் வைத்து, மெதுவாக நகர்த்தி, ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள்:

“டீச்சர்… இனிமே… கையப் புடிக்க… மாட்டாங்க.”