வாசற்படியில் ஒரு வாத்து

எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. ஆனால் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அந்த வெல்டிங் பட்டறையைக் கடக்கும்போது மட்டும் கால் தானாக நின்றுவிடுகிறது. நீலப் பொறி, கருகல் நெடி. எழுபதுகளில் டூரிங் டாக்கீஸ் புரொஜெக்டருக்குள் கார்பன் குச்சி எரிந்தால் இதே நெடிதான். நேற்றும் நின்றேன்.

"இன்னா சார், கேட்டு வோணுமா?" என்றான் வெல்டர். மாமல்லபுரம் பக்கம் ஏதோ ரிசார்ட்டுக்குக் கேட் அடிக்கிறானாம். இடம் சொன்னான். எங்கள் கொட்டகை இருந்த அதே சவுக்குத்தோப்பு!

அங்கே எனக்கு மைக் வேலை. வெளிநாட்டுப் படம் ஓடும்போதே தமிழில் கதை சொல்ல வேண்டும். எனக்கோ வாத்துக்குத் தெரிந்த அளவு இங்கிலீஷ். அந்த வாரம் வந்ததும் வாத்துப் படம்தான். கேட்டிருந்த சண்டைப் படத்துக்குப் பதிலாகப் பேர் தெரியாத ஒரு பொம்மைப் படம் பஸ்ஸில் வந்து இறங்கியது. கால் கொட்டகைகூட நிரம்பவில்லை. ஆனால் அப்பா வாத்து சாயங்காலம் மீனோடு வீடு திரும்பி, வாய் கொப்பளிப்பதுபோல ஒரு பாட்டுப் பாடும் பாருங்கள், மணல் தரை மொத்தமும் கூடவே கொப்பளித்தது. கடைசி ரீலில் அது கடலுக்குப் போகும். குஞ்சுகள் வளர்ந்து பறந்துவிடும். அவ்வளவுதான் படம்.

விளக்கு போட்டும் மீனவக் குப்பத்து அஞ்சலை எழுந்திருக்கவில்லை. முந்தின வாரம் அவள் புருஷனின் கட்டுமரம் ஆளில்லாமல் சதுரங்கப்பட்டினத்தில் கரை ஒதுங்கியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள்தான் அவளை இழுத்து வந்திருந்தார்கள்.

"அப்பன் வாத்து இன்னும் வூட்டுக்கு வர்ல. அதுக்குள்ள இன்னாத்துக்கு லைட்டு?"

"படமே அவ்ளோதாம்மா" என்றேன் மைக்கில்.

"நீ சும்மா கெட." அவள் ஆபரேட்டர் பக்கம் திரும்பினாள். " பாயி, வாத்த வூட்டாண்ட கொண்டாந்து வுடு!"

மற்ற பெண்கள் மணலை வாரித் திரைமேல் எறிந்தார்கள். "பேஜாராப் போச்சுடா" என்று முனகிக்கொண்டே ஆபரேட்டர் காசிம் பாய், வாத்து வீடு திரும்பும் இரண்டாம் ரீலை மறுபடி மாட்டினார். எனக்கு வாயில் வந்தது இதுதான்: "தோ, வந்துகினே கீது!"

அதற்கப்புறம் எல்லா ஆட்டத்துக்கும் இரண்டாம் ரீல்தான் கடைசி. அஞ்சலை தினமும் வந்தாள். அவன் வரவில்லை.

படப்பெட்டி திரும்ப பஸ் ஏறும் காலையில் அவள் அதன்மேல் கை வைத்துக்கொண்டு நின்றாள். "இது பூடுச்சின்னா, அது எங்க வரும் பாயி?"

காசிம் பாய் பெட்டியைத் திறந்து இரண்டாம் ரீலை எடுத்தார். வாத்து வாசற்படியில் கால் வைக்கும் இடத்தில் ஒரு முழம் வெட்டி அவளிடம் கொடுத்தார். மிச்சத்தை ஒட்டிப் பெட்டியை மூடினார். அவள் அதை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தபடியே கரையோரம் போனாள்.

"தள்ளிக்க சார், கண்ணு பூடும்" என்றான் வெல்டர்.

கொட்டகை இல்லை, தோப்பு இல்லை, பாயும் இல்லை. அந்தப் பெட்டி எங்காவது கிடந்து, யாராவது ஓட்டினால், வாத்து வாசல் வரை வரும். சட்டென்று வீட்டுக்குள் இருக்கும். வாசற்படியில் கால் வைத்த அந்த ஒரு நொடி மட்டும் இருக்காது.