சாராவுக்குக் கெட்டு எப்போ?

“சீக்க நான் பாத்துக்கிடுவேன், சீக்குக்காரனப் பாக்க வாறவன…” என்று அப்பா ஒன்று சொல்வார். பாறசாலைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவர். அந்த வாக்கியத்தின் பின்பாதி எனக்கு மறந்துபோயிற்று. ‘யாரு பாக்கது?’ என்று முடிந்ததா, கெட்ட வார்த்தையில் முடிந்ததா தெரியவில்லை. ஒரு குதிரைக்குப் பண்டுவம் பார்க்கத் தொடங்கிய பிறகு, கெட்ட வார்த்தையாகத்தான் இருந்திருக்கும் என்று தோன்றுகிறது.

வளைகுடாவில் ஒரு பணக்காரரின் லாயத்தில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, செங்கல் என்ற ஊரில் உள்ள என் நிலத்தில் பிள்ளைகளுக்குக் குதிரையேற்றம் சொல்லிக்கொடுக்கலாம் என்று திரும்பி வந்தவன் நான். ஊட்டிக்காரர் ஒருவரிடமிருந்து சாரா என்ற பெண்குதிரையையும் ஒரு சேணத்தையும் வாங்கினேன். முதல் மழையிலேயே அவள் ஓடைக்கரையில் வழுக்கி, இடது முன்னங்காலில் முழங்காலுக்குக் கீழே தசைநார் அறுந்தது. ஆப்பரேஷன் செய்த திருவனந்தபுரத்து டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: மாதக்கணக்கில் அடைத்து வைக்க வேண்டும், துள்ளக் கூடாது, ஓடக் கூடாது, இன்னொரு முறை அறுந்தால் அவளால் எழுந்து நிற்கவே முடியாது. என் அக்காவின் கணவர், உதியன்குளங்கரை அத்தானோ, தன் மகன் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை சாராமேல்தான் வருவான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். வீட்டில் நோயாளியை வைத்துப் பார்த்தவர்களே, மேற்கொண்டு படியுங்கள். உங்களிடம்தான் இதையெல்லாம் சொல்லி அழ முடியும்.

நல்ல காலுக்கும் கெட்டு

ஒரு முன்னங்காலில் அடிபட்டால் பாரமெல்லாம் மற்ற முன்னங்காலில் இறங்கும். அதுவும் கெட்டுப்போகாமலிருக்க இரண்டிலும் கட்டுப் போடுவார்கள். கட்டு என்பதை எங்கள் பக்கத்தில் கெட்டு என்போம். இந்த இரண்டு கெட்டுகளுக்கும் காரணம் சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றியது. தமிழில் சொன்னால் நம்பாதவர்களுக்கு மலையாளத்தில் சொன்னேன். இரண்டு மொழியிலும் பள்ளிக்கூடம் போனவன் நான். இரண்டிலும் என்னை யாரும் நம்பவில்லை.

பக்கத்து வீட்டுத் தங்கப்பன் அண்ணன், ரப்பர் வெட்டுகிறவர், முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு என் தோளில் கைபோட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “எலே மக்கா, டாக்டருக்குக் காலு மாறிப்போச்சு. அது வெளிய தெரியாண்டாம்ணு ரெண்டுலயும் கெட்டு போட்டிருக்கான், கேட்டியா.”

சகோதரி சாரா

சாராவுக்குக் காலில் ஆப்பரேஷன் என்று அக்கா எங்கள் போதகரிடம் போனில் சொன்னாள். அவர் சபைக்குப் புதியவர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், கால் ஆப்பரேஷன் முடிந்து வேதனையில் இருக்கும் சகோதரி சாராவுக்காக அவர் உருக்கமாக ஜெபித்திருக்கிறார். நான் அந்த நேரம் சகோதரியின் சாணியை வாரிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் பெண்கள் சங்கத்திலிருந்து ஆப்பிளும் ரொட்டியுமாக ஒரு கூட்டம் வந்தது. சாரா எந்த அறையில் என்று கேட்டார்கள். என் மனைவி, “வீட்டுக்குள்ள இல்ல, பின்னால அடச்சுப் போட்டிருக்கு” என்றாள். வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவன் ஆயிற்றே என்று என்னையும் ஒரு பார்வை பார்த்தார்கள். கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். சாரா கழுத்தை நீட்டி, பையிலிருந்து ஓர் ஆப்பிளை எடுத்துக் கடித்தாள். சங்கத்துக்குத் தலைவியான வயலட் அக்காதான் முதலில் வாய் திறந்தார்: “செரி, போட்டு. ஜெபம் மனுசிக்கா மிருகத்துக்காண்ணு கர்த்தருக்குத் தெரியுமாக்கும். ரொட்டிய மட்டும் எடுத்துக்கிட்டுப் போறோம்.”

டீக்கடையில் போன் பேசாதீர்கள்

கெட்டு என்றால் எங்களுக்குக் கல்யாணமும்தான். அது எனக்கு நினைவிருந்திருக்க வேண்டும். முக்கு டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது டாக்டர் கூப்பிட்டார். “சாராவுக்க கெட்டு லூசாயிட்டு டாக்டரே, இது நிக்காது. புதன்கிழமை வந்து வேற கெட்டு கெட்டணும்” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

எதிரே பழம்பொரி தின்றுகொண்டிருந்த பெரியவர், எனக்கு முன்பின் தெரியாதவர், கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். “வெசனப்படாதீங்க. ரெண்டாங்கெட்டெல்லாம் இப்ப சாதாரணமாக்கும். மொதக் கெட்டுல பிள்ளைங்க ஏதும் உண்டா?”

பலகையில் எழுதாதது

அடைத்து வைத்த குதிரைக்குத் தானியம் கொடுத்தால் அந்த முறுக்கெல்லாம் காலுக்குத்தான் போகும். அதனால் சாராவுக்குப் புல் மட்டுமே. ஊருக்கு அது பொறுக்கவில்லை. என் கண் மறைந்தால் போதும், ஒருவர் காணம், அதாவது கொள்ளு, அவித்துக் கொண்டுவருவார், இன்னொருவர் கருப்பட்டி. பட்டினி போட்டுக் கொல்லுகிறேன் என்று எனக்குப் பெயர். ஒருநாள் அவள் துள்ளி, பின்னங்காலால் பலகைச் சுவரைப் பிளந்துவிட்டாள்; முன்னங்கால் கெட்டு உருவி விழுந்து கிடந்தது. டாக்டர் வந்து தடவிப் பார்த்து ‘குழப்பமில்லா’, ஒன்றும் ஆகவில்லை, என்று சொல்லும்வரை நான் உட்காரவில்லை.

அன்றைக்கே ‘தீனி கொடுக்கக் கூடாது’ என்று ஒரு பலகையில் இரண்டு மொழியிலும் எழுதி அவள் கதவில் தொங்கவிட்டேன். மறுநாள் பார்த்தால், அந்தப் பலகையின் மேலேயே முழங்கையை ஊன்றிக்கொண்டு தங்கப்பன் அண்ணன் பலாப்பழ மடலை ஒவ்வொன்றாக ஊட்டிக்கொண்டிருக்கிறார். கத்தினேன். அவர் பலகையை நிதானமாக ஒருமுறை வாசித்தார். “தீனிண்ணுதானே போட்டிருக்கு? இது சக்க மடலாக்கும்.”

ஆசான் வந்தார்

கல்யாணம் நெருங்க நெருங்க அத்தானுக்கு இருப்புக்கொள்ளவில்லை. எண்ணெய் போட்டு உழிச்சல் செய்கிற ஆசான் ஒருவரை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார். தையல் போட்ட கால், தொடக்கூடாது என்று நான் குறுக்கே நின்றேன். மனுஷனுக்கு உள்ள வர்மம்தான் குதிரைக்கும் என்று ஆசான் என்னை விலக்கிவிட்டுக் குனிந்தார். சாரா அவர் தோளில் கிடந்த துவர்த்துத் துண்டை எடுத்து மெல்லத் தொடங்கினாள். மென்றது போக மிச்சத்தை வாங்கிக்கொண்டு ஆசான் ஆட்டோவில் ஏறினார். “நரம்பு எல்லாம் செரியாத்தான் உண்டு. கொறவு இதுக்க கொணத்துலயாக்கும்.”

நடை

தையல் ஆறியதும், பைய நடத்தினால் போதும் என்றார் டாக்டர். கடிவாளக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மேடுபள்ளம் இல்லாத கோயில் ரோட்டில் தினமும் காலையில் கொஞ்ச தூரம். அத்தனை நாள் அடைபட்டுக் கிடந்தவளுக்கு ஒரு பிளாஸ்டிக் பை பறந்தாலும் திருவிழா. நான் இடதுகையில் கயிறும் வலதுகையில் அவள் தாடையுமாக, வியர்வை ஒழுக, ‘பைய, பைய’ என்று கெஞ்சிக்கொண்டே போவேன். போகிற ஸ்கூட்டரெல்லாம் நின்று ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் போகும்.

பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண், என் காதில் விழட்டும் என்றே தன் தோழியிடம் சொன்னாள்: “குதிர வாங்குனா ஏறிப் போவாங்கண்ணு நெனச்சேன். இவரு நாய கூட்டிட்டுப் போறது போலல்லா போறாரு.”

கல்யாணத்துக்கு முந்தின வாரம்

டாக்டர் ஸ்கேன் கருவியோடு வந்தார். நெடுநேரம் பார்த்தார். நார் சேர்ந்துவிட்டது, ஆனால் பழைய நார் அல்ல, என்றார். சும்மா நடந்தால், மேய்ந்தால், அவள் ஆயுசுக்கும் நன்றாக இருப்பாள். ஆள் ஏறினால் என்றைக்கு அறும் என்று சொல்ல முடியாது. சின்னப் பிள்ளைகள் ஏறினாலுமா என்று கேட்டேன். அவர் கருவியின் வயரைச் சுற்றிக்கொண்டே, அது உங்கள் இஷ்டம் என்றார்.

அவர் போனதும் அத்தான் வந்தார். செண்டைமேளத்துக்குச் சொல்லியாயிற்று, மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை தைத்தாயிற்று. டாக்டர் சொன்னதைச் சொன்னேன். சாரா எங்களுக்குப் பின்னால் புல் தின்றுகொண்டிருந்தாள். இரண்டு முன்னங்கால்களையும் ஒரேபோல ஊன்றி அவள் நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அத்தானும் பார்த்தார். “நல்லாத்தானே நிக்குது மக்கா. பந்தலு வாசல்ல இருந்து மேடை வரை, அம்பிடுதான். பெறவு நொண்டினா நொண்டட்டு, கெட்டு கழிஞ்சாச்சே.”

மறுநாள் காலையில் அத்தானைக் கூப்பிட்டு மாப்பிள்ளைக்குக் கார் பிடிக்கச் சொல்லிவிட்டு, சேணத்தைத் துடைத்துக் கட்டி அந்த ஊட்டிக்காரருக்கே அனுப்பிவைத்தேன்.