வெள்ளிக்கிழமைப் பூஜையை நிறுத்திய மனு

அந்த மொட்டை மனுவை எழுதியவள் நான்தான். மும்தாஜ் அக்கா அல்ல!

பெரம்பலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர் நான். வெள்ளிதோறும் மாலையில் அங்கே சாமி படங்களுக்குப் பூஜை. சுண்டல் கொடுத்து, பாத்திரம் கழுவி முடிக்கும்வரை பெண்கள் கிளம்பக் கூடாது. வேப்பந்தட்டையில் என் ஏழு மாத மகள் பாலுக்கு அழுதுகொண்டிருப்பாள். எனக்கோ பால் கட்டி ரவிக்கை நனையும்... மேலாளரிடம் சொல்ல முடியுமா? சாமிக்கே நேரமில்லாதவள் என்பார்களே!

அரசு அலுவலகம் எந்த மதத்துக்கும் வழிபாட்டிடம் ஆகக் கூடாதென்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த செய்தி அப்போதுதான் வந்தது. நியாயமான தீர்ப்பு. ஆனால் நான் அதைப் பிடித்துக்கொண்டது நியாயத்துக்காகவா? ஐந்தே முக்கால் பஸ்ஸுக்காக!

பெயரில்லாத மனுவைக் கிழித்துப் போடுவார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் அந்தச் செய்தியை வெட்டி, மனுவோடு சேர்த்துக் குத்தி, மேலதிகாரிக்கு அனுப்பினேன். தீர்ப்பைக் கண்டு அவர் பயந்தார். படங்கள் இறங்கின.

எழுதியது யாரென்று ஒருவரும் யோசிக்கவே இல்லை. எங்கள் அலுவலகத்தில் முஸ்லிம் என்றால் லப்பைக்குடிக்காட்டு மும்தாஜ் அக்கா ஒருத்திதான்.

“வேற யாரு எழுதியிருப்பா? நீ என்னம்மா சொல்ற?” என்றார் மேலாளர்.

“எனக்கென்னங்க சார் தெரியும்...” என்றவள், அக்காவின் மேசையைப் பார்த்தேன். ஏன் பார்த்தேன்? அந்தப் பார்வையே போதுமாயிருந்தது.

அக்காவுக்கு ஜெயங்கொண்டத்துக்கு மாற்றல். கணவர் துபாயில். படுக்கையில் கிடக்கும் மாமியாரை விட்டுவிட்டுத் தினமும் அவ்வளவு தூரம் போய்வர வேண்டும்.

“நான் எழுதலன்னு உனக்குத் தெரியும்ல புள்ள? சார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லேன்” என்றாள்.

“நான் சொன்னா கேப்பாங்களாக்கா?”

“வாராவாரம் சுண்டல் தின்னவ நானு. அதையா போயி நிறுத்துவேன்?” என்று சிரித்தாள்.

உனக்குத் தெரியும் என்றாளே... எதைத் தெரிந்துகொண்டு அப்படிச் சொன்னாள்?

நோன்புப் பெருநாளுக்கு என் மகளுக்குச் சிவப்புக் கவுன் ஒன்று அனுப்பியிருந்தாள். பாசமா? அல்லது, எல்லாம் தெரியும் என்கிறாளா? உள்ளே சீட்டு ஏதாவது வைத்திருக்கிறாளோ என்று மடிப்புத் தையலைப் பிரித்தே பார்த்துவிட்டேன்! சீ... நான் எப்படிப்பட்டவள்?

தினமும் காலையில் மேலாளர் அறை வாசல்வரை போகிறேன். உண்மையைச் சொன்னால் அக்கா திரும்பி வரலாம். என் வேலை போய்விட்டால்? குழந்தை? திரும்பிவிடுகிறேன்.

இப்போது உங்களுக்கும் தெரிந்துவிட்டது. உங்களில் யாராவது அவளுக்கு வேண்டியவரா? தயவுசெய்து... சொல்லிவிடாதீர்கள்!